ஃபிரண்ட்எண்ட் கோடிங் இன்டர்வியூ: எதை, எவ்வளவு ஆழத்துக்குப் படிப்பது?

செமிகோலன் கேட்டது:

வணக்கம். ரியாக்ட்டில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் ஒரு ஃபிரண்ட்எண்ட் டெவலப்பர் இன்டர்வியூ இருக்கிறது. முதல் சுற்று ஒரு மணி நேரம், வெறும் ஜாவாஸ்கிரிப்ட். இரண்டாவது ஒன்றரை மணி நேர மெஷின் கோடிங். ஒரு சின்ன விட்ஜெட்டைச் சொல்லி முழுதாகக் கட்டச் சொல்வார்களாம். மூன்றாவது சுற்றில் ரியாக்ட், சிஎஸ்எஸ் எல்லாம் கலந்து பேசுவார்கள்.

கேள்விப் பட்டியல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. எல்லாவற்றையும் மேலோட்டமாகப் புரட்டுவதில் பயன் இருப்பதாகத் தெரியவில்லை. ஜாவாஸ்கிரிப்டில் எவற்றையெல்லாம் உதவி இல்லாமல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும், எந்த இடத்தில் தேர்வாளர்கள் கொக்கி போடுவார்கள்? மெஷின் கோடிங்கில் நேரத்தை எப்படிப் பங்கிடுவது? அல்காரிதத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? சிஎஸ்எஸ்ஸை உண்மையிலேயே கையால் எழுதச் சொல்வார்களா?

---

மறுவரைவு எழுதியது:

ஜாவாஸ்கிரிப்ட் சுற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றதை இங்கே இருப்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நூறு கேள்வி தேவையில்லை. டிபவுன்ஸ், த்ராட்டில், ப்ராமிஸ்.ஆல், பைண்ட், டீப் க்ளோன், ஃப்ளாட்டன், மெமோயிஸ், ஒரு சின்ன ஈவென்ட் எமிட்டர். இந்த எட்டையும் காலி ஃபைலில், எடிட்டரின் ஆட்டோகம்ப்ளீட்டை அணைத்துவிட்டு எழுதிப் பழகுங்கள். எழுதி முடித்ததும் ரன் செய்யும் முன்பு ‘எந்த உள்ளீட்டில் இது உடையும்’ என்று இரண்டு நிமிடம் யோசியுங்கள். இன்டர்வியூவில் மதிப்பெண் விழுவது அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான்.

டிபவுன்ஸைப் பார்ப்போம், அதாவது அழைப்புகள் கொஞ்ச நேரம் நின்ற பிறகே ஒரு ஃபங்ஷனை ஓட்டுவது. வெளி ஃபங்ஷன் ஒரு கால்பேக்கையும் தாமத அளவையும் வாங்குகிறது. உள்ளே டைமருக்கு ஒரு மாறி. திருப்பித் தருகிற உள் ஃபங்ஷன், ஒவ்வொரு முறை அழைக்கப்படும்போதும் பழைய டைமரை கிளியர்டைம்அவுட் போட்டு ரத்து செய்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைக்கிறது. இவ்வளவுதான், ஆறேழு வரி. இதில் தவறு நடக்கும் இடங்கள் குறிப்பானவை. டைமர் மாறியை உள் ஃபங்ஷனுக்குள்ளேயே அறிவித்துவிட்டால் ஒவ்வொரு அழைப்புக்கும் தனித்தனி டைமர் வந்துவிடும். எதுவும் ரத்தாகாது, எல்லா அழைப்புகளும் தாமதமாக ஓடும், அவ்வளவே. வேகமாக டெஸ்ட் செய்தால் தாமதம் வேலை செய்வதுபோலத் தோன்றும், அதனால் இது கண்ணில் படாமல் போகிறது. ஐந்து தடவை அழைத்து எத்தனை தடவை ஓடியது என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது ‘திஸ்’. உள் ஃபங்ஷனை ஆரோ ஃபங்ஷனாகத் திருப்பித் தந்தால், அதை ஒரு ஆப்ஜெக்டின் மெத்தடாக வைத்து அழைக்கும்போது ‘திஸ்’ அந்த ஆப்ஜெக்டைக் காட்டாது. திருப்பித் தருவது சாதாரண ஃபங்ஷனாக இருக்கட்டும். செட்டைம்அவுட்டுக்குள் போடுவது ஆரோவாக இருக்கட்டும். அப்போதுதான் வெளியில் கிடைத்த ‘திஸ்’ உள்ளே அப்படியே வரும். பிறகு அப்ளை மூலம் கால்பேக்கை அழையுங்கள், ஆர்க்யுமென்ட்டுகளும் சேர்ந்தே போகும். ‘ஏன் இங்கே ஆரோ, அங்கே சாதாரணம்?’ என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

அதற்கு மேல் கேட்டால் இரண்டு நீட்டிப்புகள்: வெளியிலிருந்து நிறுத்த ஒரு கேன்சல், முதல் அழைப்பிலேயே உடனே ஓடுகிற வகை. த்ராட்டிலில், அதாவது ஓர் இடைவெளிக்கு ஒரு தடவை மட்டும் ஓட்டுவதில், வேறு ஒரு கொக்கி இருக்கிறது. இடைவெளிக்குள் வருகிற அழைப்புகளைச் சும்மா தூக்கிப் போட்டால் கடைசி அழைப்பும் தொலைந்துபோகும். ஸ்க்ரோல் நின்ற இடம் நமக்குத் தெரியாமலே போய்விடும். கடைசி ஆர்க்யுமென்ட்டுகளைச் சேமித்து வைத்து, இடைவெளி முடிந்ததும் ஒரு தடவை ஓட்ட வேண்டும்.

ப்ராமிஸ்.ஆல் (எல்லா ப்ராமிஸும் முடியும்வரை காத்திருந்து முடிவுகளை ஒரே அரேயாகத் தருவது) எழுதும்போது முடிவுகளை புஷ் செய்தால் எது முதலில் முடிகிறதோ அது முதலில் உட்காரும், வரிசை குலையும். இண்டெக்ஸ் போட்டு வையுங்கள். ‘எல்லாம் வந்துவிட்டதா’ என்பதை முடிவு அரேயின் லெங்த்தைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். மூன்று ப்ராமிஸில் கடைசியானது முதலில் முடிந்தால் இண்டெக்ஸ் 2-இல் மதிப்பு விழும், அந்த நொடியே லெங்த் 3 ஆகிவிடும். மற்ற இரண்டும் வராமலேயே ரிசால்வ் செய்துவிடுவீர்கள். தனியாக ஒரு கவுன்ட்டர் வேண்டும். காலி அரே வந்தால் ஒரு தென் (then) கூட ஓடாது, அதனால் ப்ராமிஸ் முடிவே இல்லாமல் தொங்கும். அதை முதலிலேயே ரிசால்வ் செய்துவிடுங்கள். அரேயில் ப்ராமிஸ் அல்லாத வெறும் எண்ணும் வரலாம் என்பதால் ஒவ்வொன்றையும் ப்ராமிஸ்.ரிசால்வில் சுற்றிக்கொள்ளுங்கள்.

டீப் க்ளோனில் முதலில் ‘ஜேசானாக மாற்றித் திரும்பப் படித்தால் போதாதா?’ என்று ஆரம்பிப்பார்கள். போதாது. ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் அன்டிஃபைன்டும் ஃபங்ஷனும் காணாமல் போகும், டேட் வெறும் ஸ்ட்ரிங் ஆகிவிடும், தன்னையே சுட்டும் ஆப்ஜெக்ட் வந்தால் எர்ரர் எறியும். பிரவுசரிலேயே இருக்கும் ஸ்ட்ரக்சர்ட்க்ளோன் டேட்டையும் சுழற்சியையும் கையாளும், ஆனால் ஃபங்ஷன் இருந்தால் எறிந்துவிடும். கையால் எழுதும்போது, ஏற்கெனவே பார்த்த ஆப்ஜெக்டுகளை ஒரு வீக்மேப்பில் வைத்துக்கொண்டால் சுழற்சி பிரச்சினை தீர்ந்தது.

அவுட்புட் வரிசை கேட்கும் கேள்வி வராத இன்டர்வியூ அபூர்வம். இதைத் தாளில் போட்டுப் பாருங்கள். வரிசையாக: 1 அச்சிடு, சுழி தாமதத்தில் செட்டைம்அவுட், அதில் 2, ஓர் அசிங்க் ஃபங்ஷனை அழை, அது 3 அச்சிட்டு, நல் (null) மீது அவெய்ட் செய்து, பிறகு 4 அச்சிடும், ரிசால்வ் ஆன ப்ராமிஸின் தென்னில் 5, கடைசியாக 6. விடை 1, 3, 6, 4, 5, 2. அசிங்க் ஃபங்ஷன் முதல் அவெய்ட் வரை சாதாரண ஃபங்ஷன் போலவே உடனே ஓடுகிறது, அதனால்தான் 3 முன்னால் வருகிறது. அவெய்ட்டுக்குப் பின்னால் இருப்பது மைக்ரோடாஸ்க் வரிசையில் போய் நிற்கிறது, அதற்குப் பின்னால் 5. மைக்ரோடாஸ்க் வரிசை முழுதாகக் காலியான பிறகே டைமருக்கு வாய்ப்பு. தாளில் ஸ்டாக், மைக்ரோடாஸ்க், டாஸ்க் என்று மூன்று கட்டம் போட்டு ஒவ்வொரு வரியையும் உரிய கட்டத்தில் எழுதிக்கொண்டே போனால் எவ்வளவு சிக்கலான கேள்வியும் தானாக அவிழும். மனப்பாடம் செய்தவர்கள் ஒரு தென்னுக்குள் இன்னொரு தென் வந்தவுடன் தடுமாறுவார்கள்.

வார் (var) போட்ட ஃபார் லூப்பில் செட்டைம்அவுட் வைத்து மூன்று தடவை 3 வருவதும், பார்ஸ்இன்ட்டை நேரடியாக மேப்புக்குக் கொடுத்தால் ‘1’, ‘2’, ‘3’ என்பது 1, NaN, NaN (எண் அல்ல) ஆவதும் பழைய கேள்விகள்தான். இன்னும் கேட்கிறார்கள். இரண்டாவதற்குக் காரணம், மேப் இண்டெக்ஸையும் சேர்த்து அனுப்புகிறது. பார்ஸ்இன்ட் அதை அடிமானமாக எடுத்துக்கொள்கிறது.

---

நெகிழ்பெட்டி எழுதியது:

மெஷின் கோடிங்கும் சிஎஸ்எஸ்ஸும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றரை மணி நேரம் என்றால் முதல் பத்து நிமிடம் கீபோர்டைத் தொடாதீர்கள். என்ன கட்டப்போகிறோம், எதைக் கட்டப்போவதில்லை என்று கேட்டு, அதைக் கமென்ட்டாக ஃபைலின் தலையில் எழுதிவிடுங்கள். டேட்டா எங்கிருந்து வரும், எவ்வளவு வரும், மொபைல் அகலத்துக்கு ஓடவேண்டுமா, கீபோர்டில் மட்டும் பயன்படுத்த முடிய வேண்டுமா, லைப்ரரி சேர்க்கலாமா. அடுத்த ஐந்து நிமிடம் ஸ்டேட்டின் வடிவம். இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். கணக்கிட்டு எடுக்கக்கூடியதை ஸ்டேட்டில் வைக்கக் கூடாது. முழுப் பட்டியலும் தேடுசொல்லும் ஸ்டேட்டில் இருந்தால், ஃபில்டரான பட்டியல் ரெண்டரில் பிறக்கட்டும். அதையும் தனி ஸ்டேட்டாக வைத்து எஃபெக்டில் ஒத்திசைக்கப் போனால், ஒரு இடத்தில் மறந்ததும் இரண்டும் முரண்படும். அதைத் தேடுவதில் அரை மணி நேரம் போய்விடும்.

பிறகு நாற்பது நிமிடத்துக்குள் ஓடுகிற ஒரு குறைந்தபட்ச வடிவம் திரையில் இருக்க வேண்டும். அழகு அப்புறம். மிச்ச நேரத்தில் முதலில் எர்ரர், லோடிங், காலி நிலை, அடுத்து கீபோர்ட், கடைசிப் பத்து நிமிடம் பெயர்களைச் சீர்செய்து, நீங்களே உடைத்துப் பார்ப்பது. முடிக்காத ஐந்து வசதியைவிட முடித்த மூன்று வசதிக்கு மதிப்பு அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

அடிக்கடி வருபவை: ஆட்டோகம்ப்ளீட், இன்ஃபினிட் ஸ்க்ரோல், அக்கார்டியன், மோடல், நட்சத்திர ரேட்டிங், ஸ்டாப்வாட்ச், டிக்-டாக்-டோ, ஃபோல்டர் மரம், கமென்ட் மரம். இவற்றில் ஆட்டோகம்ப்ளீட்டை ஒழுங்காகக் கட்டத் தெரிந்தால் மற்றவற்றுக்கு வேண்டியதில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.

அதில் மையமான சிக்கல் பதில்கள் முன்பின்னாக வருவது. பயனர் இரண்டு எழுத்து அடித்ததும் ஒரு ரெக்வெஸ்ட், மூன்றாவது எழுத்துக்கு இன்னொன்று. முதலாவது மெதுவாக வந்தால் புதிய பதிலின் மேல் பழைய பதில் எழுதிவிடும். 300 மில்லிசெகண்ட் டிபவுன்ஸ் இதைக் குறைக்கும், தீர்க்காது. ஒவ்வொரு தேடலுக்கும் ஓர் அபார்ட்கன்ட்ரோலர் வைத்து, எஃபெக்டின் க்ளீனப்பில் அபார்ட் செய்யுங்கள். அப்போது ஃபெட்ச் அபார்ட்எர்ரர் எறியும். அதைப் பிடித்து அமைதியாக விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் ‘ஏதோ தவறு’ என்று திரையில் மின்னும்.

இதற்குள் இன்னொரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. லோடிங்கை ஃபைனலியில் ஃபால்ஸ் ஆக்குவது எல்லோருக்கும் பழக்கம். பழைய ரெக்வெஸ்டை அபார்ட் செய்ததும் அதன் ஃபைனலியும் ஓடும். புதிய ரெக்வெஸ்ட் ஏற்கெனவே லோடிங்கை ட்ரூ ஆக்கியிருக்கும், பழையது வந்து அதை அணைத்துவிடும். பதில் இன்னும் வரவில்லை, ஆனால் சுழல்குறி மறைந்திருக்கும். ஃபைனலியில் சிக்னல் அபார்ட் ஆகிவிட்டதா என்று பார்த்துவிட்டு அணையுங்கள். நெட்வொர்க் டேபில் வேகத்தைக் குறைத்து வைத்தால் இது உடனே தெரியும்.

ஃபெட்ச் 404-க்கும் 500-க்கும் ரிஜெக்ட் ஆகாது என்பதையும் மறக்காதீர்கள். ரெஸ்பான்ஸின் ஓகேவைப் பார்த்து நாமே எறிய வேண்டும். தேடுசொல்லை யூஆர்எல்லில் ஒட்டும் முன் என்கோட் செய்யுங்கள்; இல்லாவிட்டால் ‘&’ அடித்தவுடன் தேடல் பாதியில் அறுந்துவிடும். பொருந்திய எழுத்துகளைத் தடித்துக் காட்டச் சொன்னால் இன்னர்ஹெச்டிஎம்எல் பக்கம் போகாதீர்கள். ஸ்ட்ரிங்கை மூன்று துண்டாக்கி நடுத்துண்டை மட்டும் மார்க் எலிமென்டில் வைத்தால் ஊடுருவலுக்கு வழியே இருக்காது. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

இன்ஃபினிட் ஸ்க்ரோலுக்கு ஸ்க்ரோல் ஈவென்ட்டைக் கேட்பதைவிட, பட்டியலின் அடியில் ஒரு காலி டிவ் வைத்து இன்டர்செக்ஷன்அப்சர்வரில் கவனிப்பது நல்லது. ரூட்மார்ஜின் 200 பிக்சல் கொடுத்தால் பயனர் அடிக்கு வரும் முன்பே அடுத்த பக்கம் வந்துவிடும். பொறி எங்கே என்றால், முதல் பக்கத்தின் வரிசைகள் திரையை நிரப்பாத அளவுக்குக் குறைவாக இருந்தால், அந்த டிவ் தொடர்ந்து பார்வைக்குள்ளேயே இருக்கும். அப்சர்வர் நிலை மாறும்போதுதான் கூப்பிடும். நிலை மாறவே இல்லை, எனவே இரண்டாவது பக்கம் வரவே வராது. பெரிய மானிட்டரில் மட்டும் தெரிகிற பிழை இது. ஒவ்வொரு பக்கம் வந்த பிறகும் அன்அப்சர்வ் செய்து திரும்ப அப்சர்வ் செய்தால், புதிதாகக் கவனிக்கத் தொடங்கும்போது முதல் அழைப்பு வருவதால், திரை நிரம்பும்வரை தானாக இழுத்துக்கொள்ளும்.

ஸ்டாப்வாட்சில் செட்இன்டர்வலின் ஒவ்வொரு துடிப்புக்கும் எண்ணைக் கூட்டாதீர்கள். டைமர் சொன்ன நேரத்துக்குச் சரியாக வராது. டேப் பின்னணிக்குப் போனால் பிரவுசர் டைமர்களை மெதுவாக்கிவிடும், கடிகாரம் பின்தங்கும். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு ஒவ்வொரு துடிப்பிலும் பெர்ஃபார்மன்ஸ்.நவ்விலிருந்து கழியுங்கள், இன்டர்வல் திரையைப் புதுப்பிக்க மட்டும்.

டிக்-டாக்-டோவில் மூன்று வரிசைப் பலகையை ஃபில் கொண்டு ஒரே உள் அரேயால் நிரப்பினால் மூன்று வரிசையும் ஒரே அரேதான். ஒரு கட்டத்தில் குறித்தால் நெடுக மூன்றிலும் விழும். அரே.ஃப்ரம்மில் ஒரு ஃபங்ஷன் கொடுத்து ஒவ்வொரு வரிசைக்கும் புது அரே உண்டாக்குங்கள், அல்லது ஒன்பது இடம் கொண்ட ஒற்றை அரே போதும்.

சிஎஸ்எஸ் கையால் எழுதச் சொல்வார்கள், ஆம். நடுவில் வைப்பது, பக்கப்பட்டியோடு கூடிய பக்க அமைப்பு, கார்டு கிரிட். கார்டுகளுக்கு கிரிட்டில் ரிப்பீட், ஆட்டோ-ஃபில், குறைந்தது 200 பிக்சல் அதிகபட்சம் 1 எஃப்ஆர் என்ற மின்மேக்ஸ். மீடியா க்வெரி இல்லாமலே முடிந்துவிடும். கேள்வியாக வருவது பெரும்பாலும் ‘இது ஏன் வேலை செய்யவில்லை’ வகை. ஃப்ளெக்ஸ் வரிசைக்குள் நீளமான எழுத்து முப்புள்ளியாகச் சுருங்காமல் வெளியே தள்ளினால், ஃப்ளெக்ஸ் குழந்தையின் மின்-வித் (min-width) இயல்பாக ஆட்டோ, அது உள்ளடக்கத்துக்குக் கீழே குறுகாது. மின்-வித் 0 போடுங்கள். இசட்-இண்டெக்ஸ் 9999 கொடுத்தும் மோடல் அடியில் மாட்டிக்கொண்டால், மேலே ஏதோ ஒரு பெற்றோரிடம் ட்ரான்ஸ்ஃபார்மோ 1-க்குக் குறைந்த ஒபாசிட்டியோ இருந்து புது ஸ்டாக்கிங் கான்டெக்ஸ்ட் (மேல்-கீழ் அடுக்கைத் தனியாகக் கணக்கிடும் குழு) உருவாகியிருக்கும். ஸ்டிக்கி ஒட்டவில்லை என்றால் டாப் மதிப்பு கொடுத்தீர்களா, இடையில் எந்தப் பெற்றோருக்காவது ஓவர்ஃப்ளோ ஹிட்டன் இருக்கிறதா என்று பாருங்கள்.

---

இருபாதி எழுதியது:

மேலே இருவரும் சொன்னது நல்ல பதில்கள். அல்காரிதம் பற்றி யாரும் தொடவில்லை.

டைனமிக் ப்ரோக்ராமிங், கிராஃபின் கடினமான பகுதிகள் ஆகியவற்றில் வாரக்கணக்கில் உட்கார வேண்டாம், உங்களுக்கு நேரம் இல்லை. அதற்காக முழுதாக விட்டுவிடாதீர்கள். அரே, ஸ்ட்ரிங், ஹாஷ்மேப், இரண்டு பாயின்டர், ஸ்டாக், மரத்தில் ஆழ வழியும் அகல வழியும் நடப்பது. ஃபிரண்ட்எண்ட் வேலையில் மரம் எங்கும் இருக்கிறது. டாமே (DOM, பக்கத்தின் எலிமென்டுகளை பிரவுசர் வைத்திருக்கும் அமைப்பு) ஒரு மரம்தான். படிக்கும் நேரத்தில் கால்பங்கு இதற்குக் கொடுங்கள்.

ஒன்றே ஒன்று சொல்லவேண்டும் என்றால், தட்டையான பட்டியலை மரமாக்குவதைப் பழகுங்கள். ஐடி, பேரன்ட்ஐடி, எழுத்து என்று கமென்டுகள் தட்டையாக வரும். ஒவ்வொரு கமென்டுக்கும் அதன் பிள்ளைகளைத் தேட முழுப் பட்டியலையும் ஃபில்டர் செய்வது முதலில் கைக்கு வரும் வழி. அது ஓ என் ஸ்கொயர். ஆயிரம் கமென்டுக்குப் பத்து லட்சம் ஒப்பீடு. இரண்டு நடையில் முடிக்கலாம். முதல் நடையில் எல்லாவற்றையும் ஐடியைச் சாவியாக வைத்து மேப்பில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் காலியான சில்ட்ரன் அரே கொடுங்கள். இரண்டாவது நடையில் பேரன்ட்ஐடி இல்லாததை வேர்ப் பட்டியலில் சேர்த்து, இருப்பதை உரிய பெற்றோரின் சில்ட்ரனில் தள்ளுங்கள். ஒரே நடையில் செய்யப் பார்ப்பவர்களுக்குப் பிள்ளை முன்னாலும் பெற்றோர் பின்னாலும் வரும் பட்டியலில் சரிகிறது. அந்தப் பட்டியலைத்தான் டெஸ்ட்டாகக் கொடுப்பார்கள். பெற்றோரே பட்டியலில் இல்லாத அநாதைக் கமென்டை என்ன செய்வது என்று நீங்களே கேளுங்கள்: வேரில் வைக்கலாம், விட்டுவிடலாம்; இரண்டும் சரி, கேட்காமல் விடுவதுதான் குறை.

பேரன்ட்ஐடி சோதனையில் ‘பேரன்ட்ஐடி உண்டா’ என்று வெறும் ட்ரூத்தி (0, நல் இரண்டையுமே ‘இல்லை’ என்று எடுக்கும் சோதனை) பார்த்தால், ஐடி 0 ஆக இருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் எல்லாம் வேருக்கு ஓடிவிடும். நல் (null) தானா என்று நேராக ஒப்பிடுங்கள்.

அரேயை வரிசைப்படுத்தும் சார்ட் (sort) பற்றியும் ஒரு வரி. ஒப்பிடும் ஃபங்ஷன் கொடுக்காவிட்டால் எண்களையும் ஸ்ட்ரிங்காகத்தான் அடுக்கும். 1, 10, 2 என்று வரும். மேலும் அது மூல அரேயையே மாற்றுகிறது, ரியாக்ட் ஸ்டேட்டின் மேல் நேராக ஓட்டினால் ரெண்டர் நடக்காமல் போகலாம். நகல் எடுத்துவிட்டு அடுக்குங்கள், அல்லது 2023-இல் மொழியில் சேர்ந்த டூசார்ட்டடைப் பயன்படுத்துங்கள்.

---

செமிகோலன் எழுதியது:

மிக்க நன்றி, மூவருக்கும். அவுட்புட் கேள்விக்குத் தாளில் கட்டம் போடும் வழியும், ஃபைனலி விஷயமும் எனக்குப் புதிது.

இரண்டு தொடர் கேள்விகள். ஒன்று, மூன்றாவது சுற்றில் ரியாக்ட் பற்றி என்ன தோண்டுவார்கள்? ஹூக்குகளைப் பயன்படுத்தத் தெரியும், ஏன் அப்படி நடக்கிறது என்று விளக்கச் சொன்னால் திணறுகிறேன். இரண்டு, ஆட்டோகம்ப்ளீட்டைக் கட்டிப் பார்த்தேன். பட்டியலில் ஒரு வரியை க்ளிக் செய்தால் பட்டியல் மூடிக்கொள்கிறது, ஆனால் தேர்வு நடக்கவில்லை. இன்புட்டின் ஆன்ப்ளரில்தான் பட்டியலை மூடுகிறேன். கீபோர்டில் எல்லாம் சரியாக இருக்கிறது.

---

மறுவரைவு எழுதியது:

முதல் கேள்விக்கு: ஒவ்வொரு ரெண்டரும் அந்த நேரத்து ஸ்டேட்டின் ஒரு புகைப்படம் என்று பிடித்துக்கொள்ளுங்கள். மிச்சமெல்லாம் அதிலிருந்து வரும்.

ஒரே க்ளிக்கில் செட்கவுன்ட்டை கவுன்ட் கூட்டல் 1 என்று மூன்று தடவை அழைத்தால் 0-விலிருந்து 1-க்குத்தான் போகும். மூன்று வரியும் பார்ப்பது அதே ரெண்டரின் கவுன்ட்டை, அதாவது 0-வை. முந்தைய மதிப்பை வாங்கும் ஃபங்ஷனைக் கொடுத்தால் 3 ஆகும். இதே காரணத்தால், காலி டிபென்டன்சி அரேயோடு எஃபெக்டில் வைத்த செட்இன்டர்வல் என்றைக்கும் முதல் ரெண்டரின் கவுன்ட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். திரையில் 1-லேயே நின்றுவிடும். அங்கேயும் ஃபங்ஷன் வடிவம்தான் தீர்வு. க்ளீனப்பில் கிளியர்இன்டர்வல் மறந்தால், கம்போனென்ட் போன பிறகும் டைமர் ஓடும். டெவலப்மென்டில் ஸ்ட்ரிக்ட்மோட் ரியாக்ட் 18 முதல் எஃபெக்டை ஒருமுறை ஓட்டி, க்ளீனப் செய்து, மறுபடி ஓட்டுகிறது. ‘ஏன் இரண்டு தடவை அழைக்கிறது’ என்ற கேள்விக்குப் பதில் இதுதான், இதை அணைப்பது தீர்வல்ல.

முன்பு சொன்ன டிபவுன்ஸும் இங்கே வந்து மாட்டும். கம்போனென்டின் உடலுக்குள் நேராக டிபவுன்ஸை அழைத்தால் ஒவ்வொரு ரெண்டருக்கும் புது ஃபங்ஷன், புது டைமர். ஒவ்வொரு எழுத்தும் ரெண்டர் செய்வதால் எந்த டைமரும் முந்தையதை ரத்து செய்யாது, ஒவ்வொரு எழுத்துக்கும் ரெக்வெஸ்ட் போகும். ரெஃப்பில் வைத்திருங்கள், அல்லது எஃபெக்டுக்குள் செட்டைம்அவுட், க்ளீனப்பில் கிளியர்டைம்அவுட் என்று எழுதிவிடுங்கள். இன்டர்வியூவுக்கு இரண்டாவது எளிது, படிக்கவும் தெளிவு.

கீ (பட்டியலின் ஒவ்வொரு வரிசையையும் ரியாக்ட் அடையாளம் காண நாம் தருவது) விஷயத்தில் ‘இண்டெக்ஸ் கூடாது’ என்று மட்டும் சொன்னால் விட மாட்டார்கள். மூன்று வரிசை, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டுப்படுத்தப்படாத இன்புட், எல்லாவற்றிலும் ஏதோ அடித்திருக்கிறீர்கள். முதல் வரிசையை நீக்கினால் கீ 0, 1, 2 என்பது 0, 1 ஆகிறது. ரியாக்ட் பார்வையில் காணாமல் போனது கீ 2. கடைசி இன்புட்டை அழித்துவிட்டு, முதல் இரண்டில் நீங்கள் அடித்த எழுத்துகளை அப்படியே விட்டுவிடும். பெயர்கள் நகரும், இன்புட்டில் இருப்பவை நகராது. இதை ஒருமுறை கட்டிக் கண்ணால் பாருங்கள், விளக்கம் தானாக வாயில் வரும். பட்டியல் என்றைக்கும் மாறாது, வரிசைக்குள் ஸ்டேட்டும் இல்லை என்றால் இண்டெக்ஸ் தவறே இல்லை, அதையும் சொல்லுங்கள்.

வேகம் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று அளவுகள் தெரிந்திருக்கட்டும். எல்சிபி (திரையின் மிகப் பெரிய உள்ளடக்கம் தெரிய ஆகும் நேரம்) 2.5 விநாடிக்குள், ஐஎன்பி (க்ளிக், விசை போன்றவற்றுக்குப் பக்கம் பதில் காட்ட ஆகும் நேரம்) 200 மில்லிசெகண்டுக்குள், சிஎல்எஸ் (பக்க அமைப்பு எதிர்பாராமல் நகரும் அளவு) 0.1-க்குள் இருந்தால் நல்லது என்று கணக்கு. ஐஎன்பி 2024 மார்ச்சில் எஃப்ஐடியின் (முதல் உள்ளீட்டின் தாமதத்தை மட்டும் அளந்த பழைய அளவு) இடத்துக்கு வந்தது. பழைய குறிப்புகளில் இன்னும் எஃப்ஐடி என்றே இருக்கும்.

---

நெகிழ்பெட்டி எழுதியது:

இரண்டாவது கேள்வி என் பக்கம். மௌஸால் அழுத்தும்போது ஈவென்ட்டுகள் வரும் வரிசையைப் பாருங்கள்: வரியின் மேல் மௌஸ்டவுன், இன்புட்டில் ப்ளர், பிறகு மௌஸ்அப், கடைசியில் க்ளிக். உங்கள் ஆன்ப்ளர் பட்டியலை மூடுகிறது, ரியாக்ட் அந்த வரியை டாமிலிருந்து எடுத்துவிடுகிறது, க்ளிக் வந்து சேர இடமே இல்லை. கீபோர்டில் ஃபோகஸ் இன்புட்டை விட்டு நகர்வதில்லை என்பதால் அங்கே பிரச்சினை இல்லை.

ப்ளரில் 150 மில்லிசெகண்ட் செட்டைம்அவுட் போட்டுச் சமாளிப்பதை நிறைய இடங்களில் பார்க்கலாம். அதைச் செய்யாதீர்கள். பயனர் பட்டனை அழுத்திப் பிடித்துக் கொஞ்சம் தாமதித்து விட்டால் மறுபடி அதே பிழை. பட்டியலைச் சுற்றியுள்ள எலிமென்டில் ஆன்மௌஸ்டவுன் வைத்து ப்ரிவென்ட்டிஃபால்ட் செய்யுங்கள். ஃபோகஸ் மாறுவது மௌஸ்டவுனின் இயல்புச் செயல். அதைத் தடுத்தால் ப்ளரே வராது, ஃபோகஸ் இன்புட்டிலேயே இருக்கும், க்ளிக் வழக்கம்போல் வந்து சேரும். ஈவென்ட் மேலேறி வருவதால் ஒவ்வொரு வரியிலும் தனித்தனியாக வைக்கத் தேவையில்லை.

ஃபோகஸ் இன்புட்டிலேயே நிற்பது ஸ்க்ரீன் ரீடருக்கும் ஒத்துவரும். இன்புட்டுக்கு ரோல் கம்போபாக்ஸ், ஏரியா-எக்ஸ்பேண்டட் (aria-expanded), பட்டியலின் ஐடியைச் சுட்டும் ஏரியா-கன்ட்ரோல்ஸ். பட்டியலுக்கு ரோல் லிஸ்ட்பாக்ஸ், வரிகளுக்கு ஆப்ஷன். கீழ் அம்பு அழுத்தும்போது ஃபோகஸை நகர்த்தாமல், தேர்ந்திருக்கும் வரியின் ஐடியை இன்புட்டின் ஏரியா-ஆக்டிவ்டிசென்டன்டில் வையுங்கள். எஸ்கேப் பட்டியலை மட்டும் மூடட்டும், அடித்த எழுத்தை முதல் அழுத்தலிலேயே அழிக்க வேண்டாம். அம்பு விசைகளுக்கு ப்ரிவென்ட்டிஃபால்ட் போடுங்கள், இல்லையென்றால் மேல் அம்பு அழுத்தும்போது கர்சர் எழுத்தின் தொடக்கத்துக்குத் தாவும். புதிய முடிவுகள் வந்ததும் தேர்ந்திருக்கும் இண்டெக்ஸை மைனஸ் 1-க்குத் திருப்புங்கள். விட்டுவிட்டால் எட்டு வரியில் ஏழாவதில் நின்றிருந்தவர் அடுத்த எழுத்து அடித்து மூன்று வரி மட்டும் வரும்போது என்டர் தட்டினால் அன்டிஃபைன்ட் தேர்வாகும்.